பல்கலைக்கழக மாணவரும் குறும்பார்வையும்: அறிந்ததும் அறியாததும்

கிட்டப்பார்வை என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கிட்டத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் நமது சனங்களின் பேச்சில் அது தலைகீழாகவும் வழங்குகிறது. "உம்மாக்குக் கிட்டப்பார்வ, ஊசியில நூல் கோக்க ஏலாது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவள் சொல்வது வெள்ளெழுத்தை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் குறை அது. வேறு காரணம், வேறு கண்ணாடி. விஞ்ஞான பாடத்தில் வழங்கும் 'குறும்பார்வை' என்ற சொல்லில் இந்தக் குழப்பம் குறைவு. ஆகவே இக்கட்டுரையில் அதையே எழுதுகிறேன்.

தமிழ் படிப்பிக்கும் ஒருத்திக்குக் கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். என்னிடம் உயர்தரத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் பெருநாள் விடுமுறைகளில் வீட்டுக்கு வருவார்கள். போன வருடங்களில் வந்தவர்களோடு இதைப் பற்றித் துருவித் துருவிப் பேசினேன். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், வினாக்கொத்துமில்லை, வீதக்கணக்குமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஒன்று தென்பட்டது. ஓ.எல். விஞ்ஞானத்தில் வந்த படத்தை எல்லோரும் கீறிக் காட்டுவார்கள்: ஒளிக்கதிர் விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது, குழிவு வில்லை வைத்தால் சரியான இடத்தில் விழுகிறது. அதற்கு மேல் "உன்ட கண்ணாடிட நம்பர் என்ன?" என்று கேட்டால் தெரியாது. கடைசியாக எப்போது கண்ணைச் சோதித்தாய் என்றால் "ஏ.எல். எடுக்கக்குள்ள" என்பார்கள். அந்த நம்பர் எதைக் குறிக்கிறது என்றால் மௌனம். சிலர் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள், போடுவதில்லை. ஏன் என்று கேட்டால், "போட்டா பவர் கூடிட்டே போகும் டீச்சர்" என்கிறார்கள். மருத்துவ பீடத்துக்குப் போன ஒரு பிள்ளையின் வாயிலிருந்தும் இதே வசனம் வந்தபோதுதான் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் அந்தப் படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வளர்ந்தவரின் கண், முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம். குறும்பார்வை உள்ள பெரும்பாலானவர்களின் கண்ணில் நடந்திருப்பது இந்த நீளம் கூடிப்போனதுதான். ஒரு மில்லிமீற்றர் கூடினால் நம்பர் ஏறத்தாழ இரண்டரை கூடும். சட்டைப் பொத்தானின் தடிப்பளவு கூட இல்லாத இந்த வித்தியாசம்தான் விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் இருப்பவனுக்கு முன்திரையை வெறும் வெள்ளையாக்கிவிடுகிறது. கருவிழிக்கு முன்னால் உள்ள கோர்னியா என்ற படலம் அளவுக்கு மேல் வளைந்திருந்தாலும் இப்படி ஆகலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் நீளம். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. இந்த ஒரு விடயம் மனதில் பதிந்தால் மற்றக் கட்டுக்கதைகள் பாதி தாமாகவே விழுந்துவிடும்.

இனி நம்பர். மைனஸ் 2 என்று சீட்டில் எழுதியிருந்தால், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் எல்லை அரை மீற்றர் என்று அர்த்தம். மைனஸ் 4 என்றால் கால் மீற்றர். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் எல்லை மீற்றரில் வரும், அவ்வளவுதான் கணக்கு. இந்த எண்ணின் அலகை டயொப்டர் என்பார்கள். அரை டயொப்டருக்கு வந்தாலே குறும்பார்வை என்று கணக்கெடுக்கிறார்கள். ஆறை எட்டினால், தாண்டினால் அது கடுமையான குறும்பார்வை. அதற்கு வேறு கவனம் தேவை, பின்னர் சொல்கிறேன். சீட்டில் 'சிலிண்டர்' என்று இன்னோர் எண் இருந்தால் அது கோர்னியாவின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லை என்பதைக் குறிக்கும். அது குறும்பார்வையோடு சேர்ந்து வரலாம், தனியாகவும் வரலாம்.

இங்கே ஒரு சிறு விலகல். நம்மவர் மேடைகளில் மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவரே இப்னுல் ஹைதம் என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல, அவருக்கு அந்தப் பொய்ப் பெருமை தேவையுமில்லை. பஸராவில் 965 அளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதியவர் அவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்கிளிட், தொலமி போன்றவர்கள் சொல்லி வந்ததை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனைகளோடு நிறுவியதே அவருடைய பெரிய வேலை. அந்நூல் இலத்தீனுக்குப் போனது. மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் வந்தது, அதுவும் வெள்ளெழுத்துக்காரருக்கான குவிவு வில்லை. குறும்பார்வைக்குரிய குழிவு வில்லை 15ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்தது. அது ஏன் உதவுகிறது என்பதைச் சரியாக விளக்கியவர் கெப்ளர், 1604இல். அவர் எடுத்து வளர்த்தது இப்னுல் ஹைதத்தின் வழிவந்த ஒளியியலைத்தான். உண்மையை இப்படி முழுதாகச் சொல்வதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

விடயத்துக்கு வருவோம். கண்ணாடி போட்டால் பவர் கூடுமா? கூடுவது போலத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, போடுவதற்கு முன் உலகமே மங்கல்தான் என்று மூளை பழகியிருக்கும். ஒரு மாதம் தெளிவாகப் பார்த்த பிறகு கழற்றினால் அந்தப் பழைய மங்கல் இப்போது தாங்க முடியாததாகப் படும். கண் மாறவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டாவது, பதின்ம வயதில் உடம்போடு கண்ணும் வளர்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வயதில் நம்பர் கூடத்தான் செய்யும். பலருக்குக் கண்ணாடி கிடைப்பதும் அந்த வயதிலேயே என்பதால் பழி கண்ணாடியின் மேல் விழுகிறது. குடை பிடித்தவர் அதிகமான நாளில் மழை அதிகம் என்பதால், குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வது போல.

இதை மலேசியாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் குறும்பார்வை உள்ள 94 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முழு நம்பரிலும் மற்றவர்களுக்கு வேண்டுமென்றே சற்றுக் குறைத்தும் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் குறைத்துப் போட்டவர்களுக்கே நம்பர் கூடுதலாக ஏறியிருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சரியான நம்பரில் கண்ணாடி போடுவது கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் வந்துவிடவில்லை. "கொஞ்சம் குறைச்சிப் போட்டுத் தாங்க, கண் பழகட்டும்" என்று ஒப்டிகல் கடையில் கேட்கும் வாப்பாமார் இதை அறிந்திருப்பது நல்லது.

அதே நேரம், கடையின் கம்ப்யூட்டர் மெஷினில் நாடியை வைத்து அரை நிமிடத்தில் வரும் நம்பரை அப்படியே நம்புவதும் கூடாது. பரீட்சைக்காலத்தில் இரவு பகலாகப் புத்தகத்தையும் போனையும் பார்த்த கண்ணின் உள்தசை இறுகிப்போயிருக்கும். அந்த நேரத்தில் சோதித்தால் இல்லாத குறும்பார்வையும் இருப்பதாகக் காட்டும், இருப்பது கூடுதலாகவும் காட்டும். இளவயதினருக்குத் தேவையெனக் கண்டால் வைத்தியர் துளிமருந்து விட்டுத் தசையைத் தளர்த்திய பின்பே அளப்பது இதனால்தான். மெஷின் தருவது ஒரு தொடக்கம். எழுத்துப் பலகையைப் பார்க்க வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றி "இதுவா, இதுவா தெளிவு?" என்று கேட்டுத்தான் நம்பர் முடிவாக வேண்டும்.

பொன்னாங்காணி, கரட், மீனெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகச் சாப்பிடுங்கள். விற்றமின் ஏ குறைந்தால் வருவது மாலைக்கண். அதற்கு இவை உதவும். நீண்டுபோன கண்ணை எந்தக் கீரையும் குறுக்காது. கண் பயிற்சியும் அப்படியே, களைப்பு தீரும், நம்பர் இறங்காது. குறும்பார்வை உள்ளவர்களுக்கும் மஃரிப் நேரத்தில் பார்வை கூடுதலாக மங்கும் (இருட்டில் கண்மணி விரிவதால்), அதனால் இரண்டு குறையையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

கண்ணாடியைப் போடாமல் விடுவதற்கு அறியாமை மட்டும்தான் காரணமென்றால் ஒரு விரிவுரையோடு தீர்ந்துவிடும். பெண்பிள்ளைகளிடம் பேசும்போது வேறொன்று வெளியே வந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒருத்தி, நன்றாகப் படிக்கக்கூடியவள், சொன்னாள்: "முன்னுக்குப் போய் இருக்க வெக்கம் டீச்சர். பின்னுக்கு இருந்தா ஒண்டும் விளங்கா. பக்கத்துல இருக்கிறவட கொப்பியப் பாத்துத்தான் எழுதுறன்." கண்ணாடி பெக்கிலேயே இருந்தது. எடுத்துப் போடச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உம்மா போட வேணாமெண்டாங்க. கண்ணாடி போட்ட புள்ளெண்டு பேர் வந்தா கலியாணம் பேச வாறவங்க யோசிப்பாங்களாம்" என்றாள்.

இந்தப் பயம் கற்பனை அல்ல. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற அன்று கண்ணாடியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, தேத்தண்ணித் தட்டோடு வந்து, எதிரே இருப்பவரின் முகமே தெரியாமல் சம்மதம் சொன்ன பிள்ளைகள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். நிக்காஹ் முடிந்து நாலாம் நாள் கண்ணாடி வெளியே வருகிறது. அதற்குப் பிறகு "மறைச்சிட்டாங்க" என்ற பேச்சு. ஆண்பிள்ளைக்குக் கண்ணாடி படித்தவன் என்ற அடையாளம், பெண்பிள்ளைக்கு அதே கண்ணாடி குறை! இந்த நியாயம் எந்தக் கிதாபில் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கும் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அது மாப்பிள்ளையின் கண்ணாடிக்கும் பொருந்தும். அலுமாரிக்குள் வைத்த கண்ணாடியால் பரம்பரையும் மாறுவதில்லை.

சின்னச் சின்ன இடைஞ்சல்களும் இருக்கின்றன, அவற்றை யாரும் பேசுவதில்லை. ஸ்காஃபின் இறுக்கத்தில் கண்ணாடியின் கால் காதுக்கு மேல் அழுத்தி மத்தியானத்துக்குள் தலையிடி வந்துவிடும். நிகாப் அணிபவர்களுக்கு மூச்சுக்காற்றில் கண்ணாடி புகைபிடித்ததுபோல் மங்கும். இதைத் தாங்க முடியாமலே கழற்றிவிடுகிறார்கள். பாரமில்லாத, கால் மெல்லிய சட்டத்தைத் தெரிவதும், ஸ்காஃபைக் கட்டிய பின் அதன் மேலாகக் கண்ணாடியைச் செருகுவதும், நிகாபின் மேல் விளிம்பு மூக்கோடு ஒட்டியிருக்கத் தைத்துக்கொள்வதும் பெரும்பாலும் போதும். சட்டம் வாங்கப் போகும்போது ஸ்காஃபோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரரும் சொல்வதில்லை, உம்மாவும் சொல்வதில்லை.

ஆண்பிள்ளைகளின் பிரச்சினை மோட்டார் சைக்கிள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வைத்தியச் சான்றிதழ் எடுக்கும் நாளில் கண்ணாடியோடு போய் எழுத்தெல்லாம் வாசித்துவிட்டு, அடுத்த நாள் ஹெல்மெட்டுக்குள் இடைஞ்சல் என்று கழற்றி சேர்ட் பொக்கட்டில் போட்டுக்கொள்கிறார்கள். மைனஸ் 2 உள்ளவனுக்கு இரவில் எதிரே வரும் லொறியின் வெளிச்சம் தெரியும், வீதியோரமாக லைட் இல்லாமல் சைக்கிளில் வரும் வயோதிபர் தெரியமாட்டார்.

குறும்பார்வை ஏன் இப்படிப் பெருகுகிறது? பரம்பரை ஒரு பங்கு, வாழும் முறை இன்னொரு பங்கு. ஒரே சீன வம்சாவளிப் பிள்ளைகளை சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு, ஏழு வயதில் சிங்கப்பூரில் 29 வீதமானோருக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3 வீதம் சொச்சம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணித்தியாலம். சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு ஆரம்பப் பாடசாலைகளைத் தெரிந்து, பாதிப் பாடசாலைகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருட முடிவில் வழமைபோல் நடந்த பாடசாலைகளில் 39.5 வீதமானோருக்குப் புதிதாகக் குறும்பார்வை வந்தது, வெளியே விட்டவற்றில் 30.4 வீதம். வெளிச்சமே காரணம் என்று கருதுகிறார்கள். நல்ல வெயிலில் வெளியே இருக்கும் ஒளி, வகுப்பறை ஒளியைப் போல் பத்து மடங்கு, நூறு மடங்கு. மரநிழலில் கூட அறையை விட எத்தனையோ மடங்கு வெளிச்சம். அந்த ஒளியில் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் கூடுதலாகச் சுரந்து கண் நீள்வதைத் தடுக்கிறது என்பது இப்போதுள்ள விளக்கம்.

நமக்கு மிகவும் நெருக்கமான சான்று வேறோர் இடத்திலிருந்து வருகிறது. இஸ்ரேலில் யூத வேதப்பாடசாலைகளில் படிக்கும் பதின்ம வயது ஆண்பிள்ளைகளைச் சோதித்த ஆய்வொன்று 1993இல் வெளியானது. அவர்களில் 80 வீதத்துக்கும் மேலானோருக்குக் குறும்பார்வை. பொதுப் பாடசாலைகளில் படித்த ஆண்பிள்ளைகளில் 27 வீதமளவே. அதே மதப்பற்றுள்ள சமூகத்தின் பெண்பிள்ளைகளிலும் 36 வீதமளவே. ஒரே சமூகம், ஒரே பரம்பரை, ஆனால் ஆண்களில் மட்டும் இவ்வளவு. அவர்கள் சிறுவயதிலிருந்து நாளெல்லாம் பொடி எழுத்தை முகத்தருகே வைத்து, முன்னும் பின்னும் ஆடியபடி ஓதுகிறவர்கள். இதை வாசித்தபோது நமது ஹிஃப்ழ் மத்ரஸாக்கள் என் கண்முன் வந்தன.

ஓதலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓதும் இடத்தின் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பெரிய எழுத்து முஸ்ஹஃப் வாங்கலாம். ஜன்னலை அடைத்துக்கொண்டு அலுமாரி வைக்காமல் விடலாம். மனனம் செய்ததை மீட்டும்போது பிள்ளைக்கு முஸ்ஹஃபைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதை மாமரத்தடியில் நடந்துகொண்டே செய்யலாம். அஸருக்குப் பின் மைதானம் என்பது சலுகை அல்ல, கண்ணுக்கு மருந்து. பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்ற நாளோடு முற்றமும் தடையாகிப்போகும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் இதே கணக்கில் யோசிக்க வேண்டும். அவளுடைய கண் வேகமாக வளர்கிற வயதும் அதுதான்.

வெளிச்சம் பெரும்பாலும் குறும்பார்வை தொடங்குவதைத்தான் தடுக்கிறது. தொடங்கிவிட்டதை நிறுத்தும் பலம் அதற்குக் குறைவு. ஆகவே இது பல்கலைக்கழக மாணவருக்கு அல்ல, அவர்களுடைய தம்பி தங்கையருக்கான வைத்தியம். மாணவர் அறிய வேண்டியது, இருபது வயதோடு நம்பர் நின்றுவிடும் என்று இருக்கக் கூடாது என்பதை. நோர்வேயில் பொறியியல் மாணவர்களை மூன்று வருடம் தொடர்ந்து சோதித்தபோது, அந்த வயதிலும் சராசரியாக அரை டயொப்டர் அளவு குறும்பார்வைப் பக்கம் போயிருந்தது. நமது பாடசாலைகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வந்து 1, 4, 7, 10ஆம் தரங்களில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்; கண்ணும் அதில் அடங்கும். பத்தாந் தரத்துக்குப் பிறகு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஓ.எல்., ஏ.எல்., பல்கலைக்கழகம் என்று கண் அதிகம் உழைக்கும் ஏழெட்டு வருடங்களும் தாமாகத் தேடிப் போகாவிட்டால் சோதனையில்லாமலே கழியும்.

திருத்தும் வழிகளில் முதலாவது இன்றும் கண்ணாடிதான். நம்பர் மூன்று, நாலுக்கு மேல் போனால் சற்று விலை கூடினாலும் மெல்லிய வில்லையும் சிறிய சட்டமும் எடுப்பது நல்லது. பெரிய சட்டத்தில் விளிம்பு தடித்துவிடும். இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்தே வில்லையைப் பொருத்த வேண்டும். நானா பாவித்த கண்ணாடியைத் தம்பிக்குக் கொடுத்தால் தலையிடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொன்டாக்ட் லென்ஸ் பெண்பிள்ளைகள் அதிகம் கேட்கிற ஒன்று. உளூவுக்குக் கழற்ற வேண்டுமா என்பது முதற்கேள்வி. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது உளூவிலோ கடமையான குளிப்பிலோ கட்டாயமில்லை, ஆகவே கழற்றத் தேவையில்லை. முகம் கழுவும்போது கண்ணை நன்றாக மூடிக்கொள்ள வேண்டும். பைப் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. தண்ணீரில் வாழும் அமீபா வகை ஒன்று லென்ஸோடு ஒட்டிக் கோர்னியாவைத் தின்றுவிடும். சுகப்படுத்துவது மிகக் கஷ்டம். இதற்கென விற்கும் திரவத்தில் மட்டுமே கழுவி வைக்க வேண்டும், பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றக் கூடாது. ஹொஸ்டலில் படித்துக்கொண்டே லென்ஸோடு தூங்கிப்போவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஒருவருடைய நிற லென்ஸைக் கலியாண வீட்டுக்கென்று நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல!

லேசர் சத்திரசிகிச்சை கோர்னியாவைச் செதுக்கி வளைவைக் குறைக்கிறது. பதினெட்டு வயது கடந்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடமாவது நம்பர் மாறாமல் நின்றிருக்க வேண்டும், கோர்னியா போதிய தடிப்பாக இருக்க வேண்டும். அது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான், செதுக்க அதிகமில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறவர்கள், சிலிண்டர் நம்பர் அடிக்கடி மாறுகிறவர்கள் கோர்னியா கூம்பிப்போகும் நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் லேசர் கூடாது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் செய்வதில்லை. பிறகு கண் உலர்வது பலருக்கு சில மாதம் இருக்கும். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று ஒரு மாணவர் கேட்டார். அழகுக்காக மாற்றுவதும் குறைக்குச் சிகிச்சை செய்வதும் ஒன்றல்ல, இது சிகிச்சை. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவசரமாக ஓடுவதுதான் எனக்குப் பிடிக்காதது, நம்பர் நின்றுவிட்டதா என்று கூடப் பாராமல்.

லேசர் செய்தவர்கள் அறிந்திருக்காத ஒன்றுண்டு. கண்ணாடி தேவையற்றுப் போனாலும் கண்ணின் நீளம் அப்படியே இருக்கிறது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கடுமையான குறும்பார்வை உள்ளவர்களுக்கு அது கிழிந்து கழன்றுவிடும் ஆபத்து மற்றவர்களை விடப் பல மடங்கு. கண்ணில் திடீரென்று மின்னல்போல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் ஒரேயடியாகக் கூடி மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் பிரிவுக்குப் போக வேண்டும். நோவு இருக்காது. நோவு இல்லை என்பதாலேயே பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள் பார்வையின் மையப் பகுதியும் கழன்றுவிட்டால், ஒட்டினாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஆறுக்கு மேல் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பிக்க வேண்டும். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் கண் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையில் சோதனைக்குக் காசில்லை, போகவர ஒரு நாள் செலவாகும். நோன்பு காலத்தில் திகதி கிடைத்தாலும் பின்போட வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது. மருந்து விட்டபின் சில மணித்தியாலம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல், ஓட்டிக்கொண்டு வர ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.